மருமவளே, வாளிக்குள்ள எட்டிப் பாக்க விட்டுராத

ஆறாங்கிளாசுப் பிள்ளையளுக்கு ஆரோக்கியம், சத்துணவு, அறிவியல் எல்லாம் நீதான் எடுக்கப் போறியாமே, மருமவளே. ஒங்கம்மா போன்ல சொன்னா. சந்தோசம். லோகோ ஷெட்டுல ஆயுசு பூரா ஸ்பானர் புடிச்ச மாமாவுக்குப் பாடம் நடத்துறதப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சிராத. கல்யாண் கெழக்குல கோல்சேவாடியில குடியிருந்துக்கிட்டு எத்தன வாத்தியாரப் பாத்தாச்சு, எத்தன சார்ட்டு தொங்கப் பாத்தாச்சு. ரெண்டு புத்தி சொல்லுதேன். கேட்டா ஒனக்கு நல்லது. கேக்கலன்னா பிள்ளையளுக்கு நல்லது.

மொதல்ல நல்ல சார்ட்டா ஒண்ணு வாங்கிரு. பளபளன்னு இருக்கணும். ஆப்பிள், திராட்ச, ஒரு கிளாசு பாலு, பேரு வாயில நொழையாத பச்சக் காய் ஒண்ணு, இதெல்லாம் இருக்கணும். கொய்யாக்கா மட்டும் இருந்துரக் கூடாது. 100 கிராம் கொய்யாவுல வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல இருக்காம். ஆப்பிள்ல 5 தேறுனா பெரிய காரியம். இது பிள்ளையளுக்குத் தெரிஞ்சிதுன்னு வையி, ஸ்டேசனுக்கு வெளிய கூடையில கொய்யா வச்சிருக்க ஆயிய டாக்டரம்மா மாதிரி மதிக்க ஆரம்பிச்சிரும். காசு குடுத்து வாங்குன ஆப்பிளுக்கு என்ன மரியாத சொல்லு?

அப்புறம் இந்தச் சோதன கீதன எல்லாம் வேண்டாம். மெடிக்கல் கடையில டிங்சர் அயோடின் ஒரு குப்பி கெடைக்கும், வாங்கிராத. வாங்குனா ஒனக்குக் கை சும்மா இருக்காது. வாசல்ல விக்கிற வடாபாவ் ஒண்ணக் கொண்டாரச் சொல்லுவ. பாவப் பிச்சு ஒரு சொட்டு விடுவ. கருநீலமாயிரும். வடையப் பொளந்து உள்ள இருக்க கெழங்குல ஒரு சொட்டு. அதுவும் கருநீலம். வெளியயும் மாவுச்சத்து, உள்ளயும் மாவுச்சத்து. உடனே கடைசி பெஞ்சுல ஒருத்தன் எந்திப்பான்: “டீச்சர், அப்ப பருப்பு எங்க?” நீ என்னத்தச் சொல்லுவ? மேல பூசுன கடலமாவச் சொறண்டியா காட்டுவ? அதோட விடுவானா? வடைய வச்சிருந்த பேப்பரத் தூக்கி வெளிச்சத்துல புடிப்பான். எண்ண ஊறி அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். மராத்தித் தலைப்புச் செய்திய எழுத்துக்கூட்டிப் படிச்சுப்புட்டு, “டீச்சர், இந்த மையி எங்க போச்சு, வடையிலயா?”ம்பான். அயோடின் பட்டத எவனும் வாயில போட்டுராமப் பாக்குறது வேற தனி வேல. என்னத்துக்கு இந்தப் பாடு? ‘மாவுச்சத்து நமக்குச் சக்தி தருகிறது’ன்னு பத்து தடவ எழுதச் சொல்லு. கை வலிக்கும், வாய் மூடியிருக்கும்.

நான் பயங்காட்டுதேன்னு நெனைக்காத. பட்டவுக இருக்காவ. மத்தியப் பிரதேசத்துல அப்ப ஹோஷங்காபாத்னு பேரு இருந்த ஒரு ஜில்லா. அங்க 1972ல 16 பள்ளிக்கூடத்துல இந்தக் கூத்த ஆரம்பிச்சாவ. கிஷோர் பாரதின்னு ஒரு அமைப்பு, ரசூலியாவுல ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர்னு ஒண்ணு. நம்ம கொலாபா டாடா இன்ஸ்டிடியூட் விஞ்ஞானிகளும் தொணைக்குப் போனாவ. பிள்ளையளே செஞ்சு பாக்கணும், பாத்தத எழுதணும், கேள்வி கேக்கணும். பரிச்சையில புத்தகத்தத் தொறந்தே வச்சிக்கிடலாமாம், அநியாயத்தப் பாரு. நூத்துக்கணக்கான பள்ளிக்கூடத்துக்குப் பரவிட்டு. 2002ல சர்க்காரே பாத்து நிப்பாட்டுச்சு. கேள்வி கேக்குற பிள்ளையள முப்பது வருசம் பொறுத்துக்கிட்டாவளே, அதுவே பெருந்தன்மைதான்.

இங்கயும் ஒரு எடம் இருக்கு. குர்லாவுல எறங்கி ஹார்பர் லைன் மாறுனா, செம்பூரு தாண்டி மான்கூர்டு. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம்னு 1974லேருந்து நடக்கு. ‘ஸ்மால் சயின்ஸ்’னு சின்ன வகுப்புக்குப் புத்தகமெல்லாம் போட்டிருக்காவ, ஜெயஸ்ரீ ராமதாஸ்ங்கிற அம்மா எழுதுனது. நீ அந்தப் பக்கம் போயிராத. போனவுக ஒழுங்கா சார்ட்டத் தொங்க விட்டதா சரித்திரம் இல்ல.

எங்க காலத்துல இந்தத் தொந்தரவே இல்ல. 1956ல காமராசர் மதியச் சோறு போட்டாரு. பொறவு அமெரிக்கா ‘கேர்’காரன் குடுத்த பால்பவுடரும் மக்காச்சோள உப்புமாவும் வந்துச்சு. புரதம்னு ஒரு வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லல. தட்டுல விழுந்துச்சு, தின்னோம். இப்ப அப்படியா? ஆறாவதுலேருந்து எட்டாவது வர படிக்கிற பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டுல தானியம் 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம், ஆக 700 கலோரி, 20 கிராம் புரதம்னு சர்க்காரே எழுதி வச்சிருக்கு. ரகசியமெல்லாம் கெடையாது. அதுக்காக ஒரு தராச வகுப்புக்குத் தூக்கிட்டுப் போயிராத. போனா கணக்கும் சேந்து வரும்: 40 பிள்ளைக்கு, ஆளுக்கு 30 கிராம்னா பருப்பு 1 கிலோ 200 கிராம். அத நிறுத்து, ஒரு தட்டுல கொட்டி, எம்புட்டு குமியுதுன்னு அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் ஒரு தடவ கண்ணால பாத்துட்டான்னா முடிஞ்சிது கத. மறுநாள் கிச்சடி வாளி வந்து எறங்கையில வரிசையில நிக்க மாட்டான். கரண்டிய விட்டுத் துழாவுவான். “டீச்சர், ஒரு கிலோவ எங்க?”ம்பான். மஞ்சளா இருக்கதெல்லாம் பருப்புன்னு நம்புற பிள்ளதான் நல்ல பிள்ள. ஹெட்மாஸ்டரும் அதத்தான் விரும்புவாரு.

கை கழுவுற பாடத்த அக்டோபர் 15க்கு வச்சிக்கோ. உலகமே அன்னைக்குத்தான் கை கழுவுது. பேனர் கட்டு, போட்டோ எடு. கொழாயத் தொறந்து மட்டும் பாத்துராத.

ஆனந்திபாய் ஜோஷியப் பத்தியும் ஒரு பாடம் நடத்தச் சொல்லுவாவ. ஊர்ப் பெரும ஆச்சே. 1865ல இந்தக் கல்யாண்ல பொறந்த பிள்ள. 14 வயசுல பெத்தெடுத்த கொழந்த பத்தே நாள்ல போயிட்டு. 1883ல கப்பலேறிப் போயி, பென்சில்வேனியாவுல 1886ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்தா. மறு வருசமே காசநோயில, 22 முடியமுன்ன அவளும் போயிட்டா. இத ஒரு மார்க் கேள்வியா வச்சிட்டா யாருக்கும் ஆபத்தில்ல. ‘அந்தக் கொழந்த ஏன் செத்துச்சு?’ன்னு மட்டும் வகுப்புல கேட்டுராத. கேட்டா, பொம்பளப் பிள்ளையள் வீட்டுக்குப் போயி, “அம்மா, என்னப் பெக்கையில ஒனக்கு என்ன வயசு? ரத்தம் எம்புட்டு இருந்துச்சு?”ன்னு அடுப்படியில வச்சு விசாரிக்கும். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டு ஆம்பளையள் எல்லாம் பேப்பருக்குள்ள மொகத்தப் பொதைப்பாவ. நல்லாவா இருக்கும்?

அந்தப் பிள்ளையளுக்கு வாரத்துக்கு ஒண்ணு நீல மாத்திர வருமே, இரும்புச் சத்து, அதையும் சும்மா குடுத்துட்டுப் போயிரு. சோறு தின்ன பொறவு போடு, டீயோட போடாத, போட்டா சத்து ஒடம்புல ஏறாதுன்னெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்காத. வெளிக்கி கறுப்பாப் போவும், பயப்படாதன்னு சொல்லுறதுக்கு ஒனக்கே வெக்கமா இருக்கும். சொல்லாம விட்டா, பிள்ள மறுநாள் பயந்துபோயி மாத்திரய ஜன்னல் வழியா எறிஞ்சிரும். ஜன்னலுக்கு வெளிய நிக்க செம்பருத்திக்கு ரத்தசோக வராது.

கடைசியா ஒண்ணு. பள்ளிக்கூட வாசல்லேருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பும் சீனியும் உப்பும் கூடுன தீனி விக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல சட்டம் போட்டிருக்கு. பீடி, சிகரெட்டு, பொகையிலைக்கு 100 கெசம்னு 2003லயே சட்டம். அளவுப் பாடம் நடத்துறேன்னு டேப்பக் குடுத்துப் பிள்ளையள வாசலுக்கு அனுப்பிராத. பத்தடியில பெட்டிக்கட இருக்கது நமக்குத் தெரியாதா? தெரிஞ்சதுதான. அத அளந்து, நோட்டுல எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுட்டு வந்து நிக்குமே, அதத்தான் தாங்க முடியாது.

மாமா இம்புட்டும் சொல்லியும் நீ கேக்கப் போறதில்ல. ஒங்கம்மா பிள்ளதான நீ. போட்டும். பொகையிலப் பாடம் என்னைக்கு எடுக்கன்னு மட்டும் முந்தின நாளே எனக்கு ஒரு போன் போட்டுரு. எம் பேரன் ஒன் கிளாசுலதான் இருக்கான். அவன் டேப்போட வீடு வந்து சேருறதுக்குள்ள நான் மடியில இருக்க டப்பாவோட தாராவிக்கு, ஒங்க சித்தி வீட்டுக்கு ஸ்லோ லோக்கல் ஏறிருதேன்.