பிரான்சு தேசத்துக் குடும்பப் பிரயாண சாதன நிர்ணயம்

ஆராய்ச்சிக்குரிய பொருள் எவ்வளவு அற்பமோ அவ்வளவு அகலமான பீடிகை அதற்கு வேண்டும் என்பது பண்டிதருலகம் எழுதாமலே கைக்கொண்டு வரும் விதியாதலின், தாய் தந்தையர் இருவரும் மக்கள் மூவருமாக ஐவர் அடங்கிய பாரிஸ் குடும்பமொன்று கோடை விடுமுறைக்கு மார்செய் செல்ல ரயிலேறுவதா, காரில் போவதா என்னும் வினாவை நாம் 1769ஆம் ஆண்டிலிருந்து தொடங்கக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வாண்டில் நிக்கோலா ஜோசப் கூஞோ என்னும் படைப் பொறியாளர், நீராவியால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து பார்த்தார். பின்னர் அவர் செய்த பெரிய வண்டி பாரிஸ் தொழிற்கலை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. பீரங்கி இழுப்பதற்கென்று பிறந்த அவ்வண்டிக்கும் நமது குடும்பத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆயினும் அதைச் சொல்லாது விட்டால் மூலாதாரம் அறியாதவன் என்னும் அபவாதம் வந்து சேருமென்று அஞ்சிச் சொல்லி வைத்தோம்.

முதலாவது, காலப் பிரகரணம். 1981இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே ஓடத் தொடங்கிய டி.ஜி.வி. என்னும் அதிவேக ரயில், 2001இல் அதற்குரிய பாதை மார்செய் வரை நீட்டப்பட்ட பின்னர், சற்றேறக்குறைய மூன்று மணி நேரத்தில் பிரயாணத்தை முடித்து விடுகிறது. சாலை மார்க்கமோ எழுநூற்றெழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டரும், மழை பெய்தால் 110 கிலோமீட்டருமே அனுமதிக்கப்படுவதால், இடையே இளைப்பாறும் நேரத்தையும் கூட்டினால் ஒரு பகல் போய்விடும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. விவாதமில்லாத விஷயத்தில் ஆராய்ச்சியாளனுக்கு வேலையுமில்லை.

இரண்டாவது, செலவுப் பிரகரணம்: ரயிலில் தலைக்கொரு டிக்கெட், காரில் எத்தனை தலையானாலும் ஒரே பெட்ரோல், ஒரே சுங்கம்.

மூன்றாவது, நெரிசல் பிரகரணம். ஜூலை விடுமுறைக்காரர் வீடு திரும்பவும் ஆகஸ்டு விடுமுறைக்காரர் வீடு விட்டுக் கிளம்பவும் ஒரே சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கும் அதிசயத்தை முன்னிட்டு, அந்நாட்டு அரசாங்கம் 1976இல் தோன்றிய 'பிஸோன் ஃபூட்டே' என்னும் தந்திரக்கார எருதின் பெயரால் ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று வர்ணம் பூசி முன்னெச்சரிக்கை செய்து வருகிறது. கறுப்பு நாளில் கிளம்பாதே என்பது அதன் உபதேசம். அவ்வுபதேசத்தைச் சிரத்தையுடன் படித்துவிட்டு அன்றைக்கே கிளம்பி, லியோன் நகரத்து ஃபூர்வியேர் சுரங்கத்தின் வாயிலில் ஒருவரையொருவர் சந்தித்துக் கொள்வது அந்நாட்டு மக்களின் பரம்பரை ஆசாரம்.

இனி, இதுகாறும் எவராலும் முறைப்படி ஆராயப்படாத சாமான் பிரகரணத்துள் புகுவோம். டி.ஜி.வி.யில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை என்று வரம்புண்டு. காருக்கு வரம்பு டிக்கியின் கதவு ஒன்றே. அதுவும் குடும்பத்தில் கனத்தவர் ஒருவர் அதன்மேல் உட்காரச் சம்மதிக்கும் வரைதான். அழுத்தம் குறையக் குறைய வாயு விரியும் என்னும் விதியை 1662இல் வெளியிட்டவர் இங்கிலாந்தில் வாழ்ந்த பாயில். பின்னர் தாமாகவே அதைக் கண்டுரைத்த தம் நாட்டு மரியோத்தின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் இன்றளவும் விட்டுக்கொடுப்பதில்லை. அவ்விதி வாயுவைக் காட்டிலும் சாமானுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ரயில் என்றால் ஐந்து பெட்டியில் அடங்கிய அதே குடும்பத்தின் உடைமை, கார் என்று தீர்மானமான அக்கணமே காற்றடைத்த முதலை, கடற்கரைக் குடை, சென்ற ஆண்டு கிழிந்துபோன மீன்வலை, அப்பால் பெத்தாங்க் என்னும் குண்டெறி விளையாட்டுக்குரிய எஃகுக் குண்டுகள் என்று விசுவரூபம் எடுக்கிறது.

குண்டுகளே நமது ஆராய்ச்சியின் உயிர்நிலை. பெத்தாங்க் பிறந்த லா சியோத்தா மார்செய்க்கு அடுத்துள்ள ஊர். போட்டிக்குரிய குண்டு ஒவ்வொன்றும் 650 முதல் 800 கிராம் வரை நிறையுள்ளது. ஆறு குண்டுகளைப் பாரிசிலிருந்து அத்திசைக்குச் சுமந்து செல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதேயாம். அங்ஙனமிருந்தும் அவை பட்டியலில் புகுந்தது எவ்வாறு? மாற்றுச் சக்கரத்தின் மேல் விரித்த விரிப்புக்கு அடியில், ஆரஞ்சுச் சாறு படிந்து, கடைக்குட்டியால் ஓரம் மெல்லப்பட்ட நிலையில் அகப்பட்ட சாமான் பட்டியலை ('விரிப்படிப் பிரதி' என்க), குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த பழம் பிரதியுடன் ஒப்புநோக்கினால், பின்னதில் குண்டு இல்லை; முன்னதில் ஒன்பதாம் வரிக்கும் பத்தாம் வரிக்கும் இடையே வேறொரு கையெழுத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. இது மூலபாடமே என்பர் முன்னிருக்கைச் சம்பிரதாயத்தார்; தந்தையின் இடைச்செருகல் என்பர் பின்னிருக்கைச் சம்பிரதாயத்தார். இருசாராரையும் மறுத்துத் தாயார் ஓரத்தில் வரைந்த, 'ஆசைப்பட்டவரே தூக்கிக்கொள்ளட்டும்' என்னும் உரைக்குறிப்பு பென்சிலால் எழுதப்பட்டமையின், அது பட்டியலுக்கு முந்தியதோ பிந்தியதோ என்று வாதிக்க மூன்றாவதொரு சம்பிரதாயமும் தோன்றிவிட்டது. இம்மூன்றாமவர் பட்டியலைக் கண்ணால் கண்டவரல்லர். ஆனால் நூலைக் காணாமல் நூலின் காலத்தை நிர்ணயித்துப் பொன்னாடை பெற்றவர் நம்மிடையே உண்டாகையால் அதனை ஒரு குறையாகக் கொள்ளலாகாது.

தாயாரின் குறிப்பிலேயே சித்தாந்தம் அடங்கியிருக்கிறது. காரில் குண்டுகளைச் சுமப்பது கார், ஆசைப்பட்டவருக்குத் தண்டனையில்லை. ரயிலிலோ, மார்செய் சேன் ஷார்ல் நிலையத்தின் வாயிலில் நகரை நோக்கி இறங்கும் 104 படிகளிலும் அவற்றை ஒரு கையிலும், தூங்கிவிட்ட குழந்தையை மறு தோளிலும் ஏந்தி ஆசைப்பட்டவரே இறங்க வேண்டும். காலமும் செலவும் இரண்டாம் பக்ஷம். சாமான் சேர்ப்பவரும் அதைத் தூக்குபவரும் ஒருவரேயாயின் அக்குடும்பம் ரயிலேறும், வெவ்வேறு நபராயின் காரில் போகும். இவ்வுண்மை தந்தையருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதற்கு, விவாதம் எழும்போதெல்லாம் அவர்கள் பெட்ரோல் விலையைப் பற்றியே பேசுவது போதிய சான்று.

ஆகவே எமது தீர்ப்பு: குண்டுகள் வீட்டில் தங்குமாயின் ரயில்; தங்காவாயின் கார்; கறுப்புச் சனிக்கிழமையாயின், குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரயில். அன்றைக்கு ஐவருக்கும் ஒரே பெட்டியில் இடம் வேண்டுமானால் பல வாரங்களுக்கு முன்னரே டிக்கெட் வாங்கிவிட வேண்டும். வாசகர் இக்கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறவாதிருப்பாராக.