ஓட்டை வீட்டுப் புராணம்

என் அப்பப்பா காற்று வருவதற்காகக் காசு செலவழித்தவர். யாழ்ப்பாணத்தில் அவர் கட்டியது நாற்சார் வீடு. நடுவில் முற்றம், முற்றத்துக்கு மேல் வானம். சுவர் உச்சியில் வரிசையாகக் காற்றுத் துவாரங்கள், அவற்றில் வாடகை தராத குருவிகள். சோளகம் முன்வாசலால் வந்து, எல்லாரையும் சுகம் விசாரித்துவிட்டுப் பின்வாசலால் போகும். அவருடைய பேரனாகிய நான், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய செங்கல் வீடொன்றை வாங்கி, காற்று வராமல் இருப்பதற்காகக் காசு செலவழிக்கிறேன். காற்று விஷயத்தில் எங்கள் குடும்பம் எந்தத் தலைமுறையிலும் மிச்சம் பிடித்ததில்லை.

ரொறன்ரோவில் தை மாதம் மைனஸ் இருபதுக்குப் போகும் இரவுகள் உண்டு. அப்படியான இரவில் எங்கள் வீட்டுக்குள் ஆளுக்கொரு நாடு. மகன் படிக்கும் அறையில் ஊட்டி, குளியலறையில் சைபீரியா, ஃபேர்னஸுக்கு மேலே இருக்கும் நடைவழியில் மட்டும் மன்னார். மாமி சேலைக்கு மேல் ஜாக்கெட், அதற்கு மேல் போர்வை, தலையில் கம்பளித் தொப்பி என்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். "தம்பி, ஆரோ கதவைத் திறந்து விட்டிட்டினம். சாத்தச் சொல்லுங்கோ" என்பார். நான் எழுந்துபோய்ப் பார்ப்பேன். கதவு பூட்டித்தான் இருக்கும். திரும்பி வந்து இருந்த உடனே, "பின்கதவாயிருக்கும்" என்பார்.

வெப்பநிலையை மனைவி 24க்கு ஏற்றுவாள். எரிவாயு பில் என் பெயருக்கு வருவதால் நான் 20க்கு இறக்குவேன். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. நல்ல தாம்பத்தியம் என்பது இதுதான்.

மச்சானுக்கு மட்டும் காரணம் நிச்சயமாகத் தெரியும். "அத்தான், யன்னல்தான். எல்லாத்தையும் மாத்துங்கோ." இந்த நகரத்தில் யன்னல் விற்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், அதுவும் சரியாக நாங்கள் சோற்றில் கை வைக்கும் நேரத்தில் தொலைபேசி எடுத்து. ஒருவர் நேரில் வந்து அளந்து, விலை எழுதித் தந்தார். அந்தக் காசில் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்து, ஹெலிகொப்ரரும் பிடிக்கலாம்.

இதற்கிடையில் 2021இல் கனடா மத்திய அரசு வீட்டைத் திருத்துகிறவர்களுக்கு 5,000 டொலர் வரை தருவதாக அறிவித்தது. அதன் பிறகு கலியாண வீடுகளில் காணி விலை கதைத்த ஆட்கள் கூரைப் பஞ்சைப் பற்றிக் கதைத்தார்கள். (2024இன் தொடக்கத்தில் அந்தத் திட்டம் புதிய விண்ணப்பங்களை எடுப்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகு திரும்பவும் காணி விலை.) அந்தக் காசுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வேலைக்கு முன்னும் பின்னும் பரிசோதகர் ஒருவர் வந்து வீட்டைச் சோதிக்க வேண்டும்.

வந்தவர் ஓர் இளம்பெண். எங்கள் முன்கதவைத் திறந்து, அந்த இடைவெளியில் சிவப்புத் துணியைச் சட்டம் போட்டு இறுக்கி, அதன் நடுவே பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார். விசிறி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். உள்ளே அழுத்தம் வெளியை விட 50 பாஸ்கல் குறையும்வரை அதை ஓட்டுவார்கள். அப்போது, இழந்த காற்றை ஈடுகட்ட, வீட்டிலுள்ள அத்தனை ஓட்டைகளாலும் வெளிக்காற்று பாய்ந்து வரும். மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் வீசும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அடிப்பதற்குச் சமம் என்றார்.

அன்று அடுப்பில் நண்டுக்கறி. விசிறி சுழன்றதும் முருங்கையிலை போட்ட அந்த வாசம் முழுவதும் தெருவுக்குப் போய்விட்டது. நாயுடன் நடந்து வந்த எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்றார். நாய் அங்கேயே குந்திவிட்டது. இழுத்தும் எழும்பவில்லை.

பரிசோதகர் கைப்பையைத் துழாவிவிட்டு, புகை வரக்கூடியதாக ஏதும் இருக்குமா, ஊதுபத்தி என்றால் நல்லது என்று கேட்டார். கேட்டது ஒரு தமிழ் வீட்டில். மாமி எழுந்தார். சந்தனம், மல்லிகை, தாழம்பூ, ஊரிலிருந்து வந்தது, போன வருடத் தேர்த் திருவிழாவில் வாங்கியது என்று ஒரு பெட்டியையே கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறார். மூன்று குச்சிகளைக் கொளுத்தி, தானே முன்னால் நடந்து, மூலை மூலையாகக் காட்டினார். பரிசோதகர் குறிப்பெடுத்தபடி பின்னால் போனார். பரம்பரை பரம்பரையாக நடந்துவரும் சடங்கு போலவே இருந்தது.

புகை பொய் சொல்லாது. ஓட்டை இல்லாத இடத்தில் நேரே மேலே போகும். இருக்கும் இடத்தில் தலையை வெட்டித் திரும்பும். மச்சான் குற்றம் சாட்டிய யன்னல்களுக்கு முன்னால் கொஞ்சம் நெளிந்ததோடு சரி. சுவரிலுள்ள மின்செருகிக்கு முன்னால் சீறிக்கொண்டு திரும்பியது. சமையலறைப் பால்கதவில் புகையே நிற்கவில்லை. அந்தக் காலத்தில் பால்காரர் வெளியிலிருந்து போத்தலை வைக்க, வீட்டுக்காரி உள்ளேயிருந்து எடுக்கவென்று சுவரில் செய்த சிறிய இரட்டைக் கதவு அது. பால்காரர் வருவது நின்று எத்தனையோ காலம். குளிர் மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பெரிய கள்ளர்கள் இரண்டு பேர், வீட்டின் இரண்டு முனையிலும் இருந்தார்கள். ஒருவர் கீழே, பேஸ்மென்ற் சுவரின் தலையில் மரச்சட்டங்கள் வந்து உட்காரும் விளிம்பு. மற்றவர் மேலே, கூரைக்குள் ஏறும் சிறு கதவும், குழாய்க்கும் மின்கம்பிக்கும் போட்டுவிட்டு மூடாமல் போன துளைகளும். சூடான காற்று எடை குறைந்தது. அது மேலே ஏறிக் கூரை வழியாக வெளியேறுகிறது. போன அளவுக்குக் கீழே இருந்து குளிர் உள்ளே இழுபடுகிறது. ஆக, மாமியின் காலில் பட்ட குளிருக்குக் காரணம் மாமியின் தலைக்கு மேலே இருந்தது. கூரைக்குள் ஏறிப் பார்த்தபோது இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சில் அங்கங்கே கறுத்த திட்டுகள். பஞ்சு சூட்டைத் தடுக்கும், காற்றை மறிக்காது, வடிகட்டி அனுப்பும். எங்கள் வீட்டுக் காற்று இத்தனை வருடமாகத் தூசியை அங்கே கழற்றி வைத்துவிட்டுச் சுத்தமாக வெளியேறியிருக்கிறது.

அறிக்கையில், ஓட்டைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சதுர அடிக்கு மேல் என்று போட்டிருந்தது. பனிக்காலம் முழுக்க ஒரு கதவு திறந்துதான் கிடந்தது. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "நான் எப்பவோ சொன்னனான்" என்றார்.

வேலையை மேலிருந்து தொடங்கினோம். கூரைக்கதவுக்கு ரப்பர் விளிம்பு, துளைகளுக்கு நுரை, மின்செருகி மூடிக்குப் பின்னால் மெல்லிய பஞ்சுத் தகடு. எல்லாம் சில்லறைக் காசு. நுரை மட்டும் மச்சானிடம் போனது. அந்த டப்பாவில் கையுறை போடு என்று எழுதியிருக்கிறது. மச்சான் எழுத்தை நம்புகிறவர் அல்ல. அந்த நுரை ஈரமாக இருக்கும்போது அசெற்றோனால் துடைக்கலாம். இறுகிய பிறகு எதற்கும் அசையாது, தோல் தானாக உரிந்தால்தான் உண்டு. அந்த வாரம் நடந்த கலியாணத்தில் மச்சான் எல்லாரையும் கைகூப்பியே வரவேற்றார். மரியாதையான பிள்ளை என்று பெயர் எடுத்துவிட்டார்.

முதல் சோதனையில் 50 பாஸ்கலில் மணிக்குப் பத்துத் தடவை மாறிய வீட்டுக் காற்று, இரண்டாவது சோதனையில் ஆறுக்குக் கிட்ட இறங்கியிருந்தது. கனடாவில் 1980களில் தொடங்கிய ஆர்-2000 என்ற வீட்டுத் தரத்தில் இந்த எண் ஒன்றரைக்கு மேல் போகக்கூடாது. ஆனாலும் எழுபது வயது வீட்டுக்கு ஆறு நல்ல புள்ளிதான். மாமி தொப்பியைக் கழற்றினார். தெருச் சத்தம்கூடக் குறைந்துவிட்டது.

பிறகுதான் அடுத்த அத்தியாயம். இத்தனை காலமும் ஓட்டைகள் எங்களுக்குச் சம்பளமில்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தன. ஞாயிறு பொரித்த மீன் ஞாயிறே வெளியேறும். இப்போது அது திங்கட்கிழமை என் கோட்டில் ஏறி அலுவலகம் வந்தது. புட்டு அவித்த ஆவி, எல்லாரும் குளித்த ஆவி, மூச்சு விட்ட ஆவி எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீராக வடிந்தது. அப்படியே விட்டால் மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலிருந்த விசிறியைக் கழற்றிப் பார்த்தால், அது காற்றை வெளியே விடும் வகையே அல்ல. எண்ணெயைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, மணத்தை முகத்துக்கே திருப்பித் தரும் வகை.

இதற்கு வைத்தியம் பழைய ஓட்டைகளைத் திறப்பதல்ல. சஸ்காச்சுவான் மாகாணத்து ரெஜைனாவில் 1977இலேயே ஒரு வீடு கட்டினார்கள். பன்னிரண்டு அங்குலச் சுவர், மிக இறுக்கமான கட்டு, ஃபேர்னஸே கிடையாது. அதில் மூச்சு விட ஒரு கருவி வைத்தார்கள். வெளியேறும் கெட்ட காற்றின் சூட்டை, உள்ளே வரும் புதுக் காற்று வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. அந்த வீட்டை உருவாக்கியவர்களைப் பிறகு ஜேர்மன்காரர்கள் கூப்பிட்டு விருது கொடுத்தார்கள். நான் அந்தக் கருவி வாங்கும் வசதிக்கு இன்னும் வரவில்லை. சமையலறையிலும் குளியலறையிலும் வெளியே ஊதும் விசிறி போட்டேன். மாமி மீன் எடுத்தால் நான் ஆளியைப் போடுவேன்.

அந்த விசிறியிலும் ஒரு கண் வேண்டும். புகைபோக்கியை நம்பியிருக்கும் பழைய எரிவாயு வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டை இறுக்கி அடைத்துவிட்டு, பெரிய விசிறியை ஓடவிட்டால், மேலே போக வேண்டிய நச்சுப்புகை வீட்டுக்குள் இழுபடலாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. அது மாமியின் மூக்குக்கும் அகப்படாது. எரிவாயு எரியும் வீடுகளுக்கு எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2014 முதல் அதற்கான அலாரம் சட்டப்படி கட்டாயம். ஆகவே ஓட்டை அடைக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் அலாரத்தின் பற்றரியைப் பாருங்கள், வெந்நீர்த் தொட்டியை அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரிடம் காட்டுங்கள், பிறகு கூரைக்குள் ஏறுங்கள். யன்னல் விற்பவரை அடுத்த வருடம் எடுக்கச் சொல்லுங்கள்.