மில்லிக் கணக்கர்

பிரிண்டர் கடைக்குள் நுழைந்ததும் பிரிண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மை பாட்டில் அடுக்கிய அலமாரிக்கு நேராகப் போகிறவர் ஒருவர் உண்டு. ஒரு பாட்டிலை எடுப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மில்லியைப் படிப்பார். பிறகு விலையைப் படிப்பார். பிறகு கண்ணை மூடி ஒரு வகுத்தல். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு வருங்கால மாமியாரைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிற ஆசாமிகள் இருப்பார்களே, அந்த வகை.

சென்னை ரிச்சி தெருவில் பழம் தின்று கொட்டை போட்ட விற்பனையாளர்கள் இவரைத் தூரத்தில் கண்டதுமே டீ குடிக்கப் போய்விடுவார்கள். புதுப் பையன் யாராவது மாட்டுவான்.

"சார், இது ஆஃபர்ல இருக்கு. மூவாயிரத்து ஐந்நூறுதான்."

"அந்தக் காசுக்கு நீ எனக்கு என்ன தர்றே, தம்பி?"

"பிரிண்டர் சார்."

"இல்லே. வருஷம் பூரா கார்ட்ரிட்ஜ் வாங்குற பாக்கியத்தைத் தர்றே. சரி, உள்ளே இருக்கறது முழு கார்ட்ரிட்ஜா, செட்டப் கார்ட்ரிட்ஜா?"

பையன் முழிப்பான். பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜில் பல சமயம் மை குறைவாகத்தான் இருக்கும் என்பது பையனுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். பிரிண்டரை மலிவாகத் தள்ளிவிட்டு மையில் காசு பார்ப்பதுதான் இந்த வியாபாரம் என்று அவனுக்கு நின்றபடியே ஒரு வகுப்பு எடுத்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வருவார்.

இவர் பெரும்பாலும் வங்கியிலோ, கருவூலத்திலோ, மின்வாரியக் கணக்குப் பிரிவிலோ ஓய்வு பெற்றவராக இருப்பார். வெளிநாட்டில் இருக்கும் மகள் பேத்தியின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். "நாலு படத்தைக் கையில வச்சுப் பார்த்தா நல்லா இருக்குமே" என்று மனைவி ஒரு நாள் சொல்லியிருப்பார். அந்த அம்மாள் நினைத்தது தெருமுனை ஸ்டூடியோவை. ஒரு படத்துக்குப் பத்து, பதினைந்து ரூபாய், அரை மணி நேர வேலை. அந்த ஆசை மில்லிக் கணக்கரின் காதில் விழுந்ததோடு சரி. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். அப்போதும் ஆராய்ச்சி முடியவில்லை.

இவருக்கு ஒரு பூர்வாசிரமமும் உண்டு. மருந்துக் கடையில் ஊசி வாங்கி, காலிக் கார்ட்ரிட்ஜைத் துளைத்து, சில்லறை மையை ஏற்றிய காலம் அது. வலது கையில் ஊசி, இடது கையில் கார்ட்ரிட்ஜ். ஆகவே கசிவதெல்லாம் இடது ஆள்காட்டி விரலில். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி அதிகாரி விரலைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சா?" என்று முறைத்தாராம். "ஐயா, நீங்க வைக்கிறது மைசூர் மை. இது மெஜந்தா. இன்னும் ஒரு வாரத்துல போயிடும்" என்று இவர் விளக்கியிருக்கிறார். பின்னால் நின்ற வரிசை என்ன சொன்னது என்பதை அவர் சொல்வதில்லை.

ஊசியால் மை ஏற்றியதைப் பற்றி யாராவது முகம் சுளித்தால், சட்டத்தை எடுப்பார். "2017-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. லெக்ஸ்மார்க் வழக்கு. வித்த கார்ட்ரிட்ஜ் மேல கம்பெனிக்குக் காப்புரிமை கிடையாது." குரோம்பேட்டை மொட்டைமாடியில் அமெரிக்கத் தீர்ப்பு செல்லுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். டேங்க் பிரிண்டர் வந்ததையே தன் தலைமுறைக்குக் கிடைத்த வெற்றியாகத்தான் அவர் சொல்வார். இந்தோனேசியாவில் மக்கள் பிரிண்டருக்கு வெளியே குழாயும் மைத்தொட்டியும் கட்டி ஓட்டினார்களாம். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், 2010-ல் எப்சன் தானே தொட்டி வைத்த பிரிண்டரை முதலில் அங்கேதான் இறக்கியது. "ஊசி புடிச்ச கை சும்மா போகலே பார்த்தீங்களா?"

அப்படியானால் ஒரு டேங்க் பிரிண்டரை வாங்கிவிட வேண்டியதுதானே? அதுதான் நடக்காது. பெட்டியில் 7,500 பக்கம் என்று போட்டிருந்தால் அவர் சிரிப்பார். "அது ஆபீஸ் பக்கம். 24712-ன்னு ஒரு ஐ.எஸ்.ஓ. தரம் இருக்கு. அந்தச் சோதனைப் பக்கத்துல பாதிக்கு மேல வெள்ளையாத்தான் இருக்கும். போட்டோன்னா மூலைக்கு மூலை மை. அதுக்கு 29102-ன்னு தனித் தரம்." நாலு வண்ணமா, ஆறு வண்ணமா என்பது அடுத்த பிரச்சினை. வெளிர்நீலமும் வெளிர்மெஜந்தாவும் கூடுதலாக உள்ள ஆறு வண்ணத்தில் குழந்தையின் கன்னம் புள்ளி தெரியாமல் வரும். ஆனால் ஆறு பாட்டில். நாலு வண்ணத்தில் சிலவற்றின் கறுப்பு பிக்மெண்ட் வகை. பளபளக் காகிதத்தில் அது சரியாகப் பிடிக்காததால், கறுப்பு பாட்டில் ததும்பிக்கொண்டிருக்கும்போதே பேத்தியின் தலைமுடிக்கு மற்ற மூன்று வண்ணத்தைக் கலந்து செலவழிக்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்று அவர் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

கேனன் செல்ஃபி பிரிண்டரைச் சிபாரிசு செய்தவர்களும் உண்டு. கைக்கு அடக்கமான பெட்டி. மை இல்லை, ரிப்பன். காகிதமும் ரிப்பனும் சேர்ந்தே 108 படத்துக்கு ஒரு பொட்டலமாக வரும். மஞ்சள், மெஜந்தா, சியான், மேலே ஒரு காப்புப் பூச்சு என்று காகிதம் நான்கு தடவை போய்ப் போய் வரும். எப்போதாவது படம் எடுக்கிறவர்களுக்கு என் கட்சியும் அதுதான். ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்தாலும் காய்ந்துபோக அதில் ஒன்றும் இல்லை. அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். "வெள்ளைச் சட்டைக்காரன் பனியில நிக்கிற படத்துக்கும் அதே ரிப்பன்தான் செலவாகுது. அநியாயம்." உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். பொட்டலத்தின் விலையை 108-ஆல் வகுத்தால் கணக்கு தீர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் அந்த மனிதர் என்ன செய்வார்?

கடைசியில் ஒரு தீபாவளிச் சலுகையில் ஆறு வண்ண டேங்க் பிரிண்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. முதல் படம் வந்த கையோடு அவர் மனைவி ஒரு காகித உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். மைக்கு ஒரு ரூபாய் சொச்சம். காகிதத்துக்கு மூன்று ரூபாய் சொச்சம்.

"இவ்வளவு வருஷமா மை மைன்னு அலைஞ்சீங்களே, பேப்பரைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா?"

அவர் அன்று முதல் காகிதத்தின் ஜி.எஸ்.எம். படிக்கத் தொடங்கினார். ஆனால் அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. பிரிண்டர் சும்மா கிடந்தால், மை தெளிக்கும் நாசில் காய்ந்து படத்தில் கோடு விழும். கோடு போக ஹெட் கிளீனிங். ஒவ்வொரு கிளீனிங்கிலும் மை போகும். எங்கே போகிறது? பிரிண்டரின் அடியில் ஒரு பஞ்சு இருக்கிறது, அதில். சர்வீஸ் பையன் திறந்து காட்டியபோது, அந்தப் பஞ்சைப் பிழிந்தால் திரும்பக் கிடைக்குமா என்று அவர் கேட்டார். பையன் நாசூக்கானவன். "எல்லாக் கலரும் கலந்துடுச்சு சார்" என்று மட்டும் சொன்னான்.

இப்போது எங்கள் குடியிருப்பில் படம் வேண்டுமா என்று அவரே கதவைத் தட்டுகிறார். இரண்டாம் மாடியின் ரோஜாத் தொட்டி, வாட்ச்மேனின் பேரன், லிஃப்ட் பழுது அறிவிப்பு, எல்லாம் வண்ணத்தில். எட்டு பாஸ்போர்ட் படம் ஒரே தாளில், இலவசம். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார். நாசிலுக்கு ஓட்டம் வேண்டாமா?

போன ஞாயிறு மூன்றாம் மாடிப் பையன் எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று அவரிடம் கேட்டான்.

"வருஷத்துக்கு எத்தனை படம் போடுவே?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும், அங்கிள்."

"அப்ப பிரிண்டரே வேண்டாம். முனை ஸ்டூடியோவுக்குப் போ."

"நீங்க வாங்கியிருக்கீங்களே?"

"என் கேஸ் வேற. நான் வாராவாரம் போடுறேன்" என்று உள்ளே போய், தடித்த ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். பேத்தி படங்கள் என்று பையன் ஆசையாகத் திறந்தான். பக்கத்துக்குப் பக்கம் ஆறு நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, கையெழுத்து. அத்தனையும் நாசில் செக்.

"இங்கே பாரு, ஆடி மாசம் மூணாவது வாரம். லைட் சியான்ல ஒரு கோடு விட்டுப்போச்சு. அடுத்த பக்கம் பாரு, திரும்பி வந்துடுச்சு!"