பிணத்தின் பக்கத்தில் யார்?

கேள்வி: திகில் கதை, துப்பறியும் கதை இரண்டிலும் பிணம் விழுகிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: பிணத்தின் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். துப்பறிபவர் நின்றால் தெம்பு வரும். கொலைகாரனோடு நாமே நிற்க நேர்ந்தால் வியர்க்கும். இரண்டையும் எழுதிக் காட்டினார் எட்கர் ஆலன் போ. 1841-இல் வந்த 'ரூ மோர்க் கொலைகள்' கதையில் பூட்டிய அறை, கோரச் சாவு. துப்பறிபவர் துபேன் துப்புத் துலக்கியதும் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. 1843-இல் வந்த 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையிலோ கொன்றவனே கதை சொல்கிறான். எதிரே போலீஸ் உட்கார்ந்திருக்க, தரைப்பலகைக்கு அடியில் மறைத்த பிணத்தின் இதயம் துடிப்பது அவனுக்குக் கேட்கிறது. கூச்சலிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். கொலை, போலீஸ், வாக்குமூலம் எல்லாம் இருந்தும் அது அசல் திகில். இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் கதைகள்தான் எனக்கு உயிர். ராத்திரியில் படியுங்கள், பக்கத்தில் கடிகாரம் இல்லாமல்!