ஓசி விதைக்காரர்

அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்க வடவள்ளியிலிருந்து இரண்டு காரில் பல்லடம் பக்கம் போனார்கள். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். திரும்பும் வழியில் ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். நம் ஆளின் முறை வந்தபோது, "அருமைங்க. கொல்லைப்பக்கம் ஒரு அவரைக் கொடி படர்ந்திருக்குது பாருங்க, நாலு நெத்து வாங்கி வெச்சிருக்கறேன்" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பெண்ணைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

இவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, மாடி காலியாக இருக்கிறது. அந்த மாடியில் பணத்தைக் கொட்ட இவருக்குத் தயக்கமே கிடையாது. குரோ பேக், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, பச்சை நிழல்வலை, தளம் ஒழுகாமலிருக்க மேல்பூச்சு என்று வாங்கி அடுக்குவார். கடைசியில் அதில் போடுவதற்கு ஒரு வெண்டை விதை காசு கொடுத்து வாங்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும். விதை வாங்கும் பொருளே அல்ல, கேட்டுப் பெறும் பொருள் என்பது அவர் கட்சி.

இத்தனைக்கும் இவர் இருப்பது கோயம்புத்தூர். இங்கே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பத்து ரூபாயைப் போட்டால் காய்கறி விதைப் பொட்டலத்தைத் தள்ளிவிடும் தானியங்கி இயந்திரமே வைத்தார்கள். நம் ஆள் போய்ப் பார்த்தார். சுற்றி வந்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா மெசினு கொசுறு குடுக்காதுங்களே" என்று திரும்பி வந்துவிட்டார். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் அறிவித்ததும், தவிர்க்க முடியாத கொள்முதல்களை வீட்டுக்காரம்மாவிடம் ஒப்படைத்தார். போக்குவரத்துச் செலவைக் கழித்துவிட்டால் பத்து ரூபாய் அவ்வளவு வலிப்பதில்லையாம்.

உழவர் சந்தையில் இவரை அடையாளம் காண்பது சுலபம். ஊரே வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும். ஒடிந்தால் கூடையில் போடும். இவரும் ஒடித்துப் பார்ப்பார். ஒடிந்தால் திரும்ப வைத்துவிடுவார். ஒடியாத காயாகத் தேடுகிற ஒரே மனிதர். கடை கட்டுகிற நேரத்துக்குத்தான் போவார். செக்கச் சிவந்து வெடித்த பாகல், மஞ்சள் பாய்ந்த கத்தரி, பழுத்துத் தொங்கும் புடலை என்று யாருக்கும் வேண்டாததெல்லாம் அவருக்கு வேண்டும். "மாட்டுக்குங்களா?" என்று கடைக்காரம்மா ஒருநாள் பரிவோடு கேட்டார். இவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் காசு கேட்டிருப்பார்.

சமையலறையிலும் இவருக்கு வேலை உண்டு. வரமிளகாய் டப்பாவின் அடியில் உதிர்ந்து கிடக்கும் விதையை அள்ளுவார், வீடே தும்மும். கொத்தமல்லியை முழுசாகப் போடக்கூடாது, ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு விதை உண்டு, நசுக்கிப் பிளந்து போட வேண்டும் என்பார். அது உண்மைதான். ஒன்று இரண்டாகிற கணக்கு என்பதால் அவருக்கு அதில் தனி இன்பம். சாம்பாருக்கு நறுக்கிய தக்காளியின் கொழகொழப்பை வழித்துக் கிண்ணத்தில் புளிக்க வைத்து, இரண்டு நாள் கழித்து அலசிக் காயவைப்பார். முறை சரி, தக்காளிதான் தவறு. கடையில் வருவது பெரும்பாலும் ஹைபிரிட். அதன் விதை தாயைப் போலப் பிறக்காது. ஒரு செடி திராட்சை அளவு காய்க்கும், அடுத்தது காய்க்கவே யோசிக்கும். "வெரைட்டியா வருது பாருங்க" என்று அதையும் பெருமையாகச் சொல்வார்.

பப்பாளிக் கதையைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பழக்கடையில் துப்பிய விதை, நாட்டு ரகம். டிரம்மில் போட்டு வருஷம் முழுக்கக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். பூத்தது. நீளநீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ. அப்படிப் பூத்தால் ஆண் மரம், நாட்டுப் பப்பாளியில் பாதிக்குப் பாதி இப்படித்தான் அமையும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். மரம் இன்னும் நிற்கிறது. வெட்ட மனசில்லை.

விசேஷ வீடுகளில் இவரைக் கண்காணிக்க வேண்டும். கிரகப்பிரவேசத்தில் நவதானியம் மிஞ்சினால் அது இவருடையது. முளைப்பாரி என்பதே ஊர் விதையை ஊரே சோதித்துப் பார்க்கிற ஏற்பாடு என்று பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டே கை தட்டுக்குப் போகும். இப்போதெல்லாம் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு விதைப்பந்து கொடுக்கிறார்கள். மழைக்காலத்தில் பொறம்போக்கில் எறியச் சொல்லிக் கொடுப்பது அது. இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். புங்கன் இருக்கும், வேம்பு இருக்கும். மாடியில் வைக்க முடியாது. ஆனாலும் காயவைத்து எடுத்துவைப்பார்.

எங்கே எடுத்துவைப்பார் என்றால், மாத்திரை டப்பாவில். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவர் வாங்கும் மாத்திரைகளால் உடம்புக்கு எவ்வளவு பயனோ, டப்பாக்களால் விதைக்கு நிச்சயம் பயன் உண்டு. மேலே சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ரகத்தின் பெயர் இருக்காது. 'பீர்க்கன் - தொண்டாமுத்தூர் சின்னம்மா', 'சுரை - பேங்க் மேனேஜர் வீட்டுக் காம்பவுண்டு' என்று வம்சாவளிதான் இருக்கும். ஈரம் படாமல் சாம்பல் புரட்டிய சிலது. அந்தக் காலத்து முறைப்படி சாணியில் பொதிந்து பின்கட்டுச் சுவரில் அப்பிய பூசணி சிலது. பெயின்ட் அடித்து முடித்த மறுவாரமே அப்பினார் என்பது வீட்டுக்காரம்மாவின் புகார்.

விதைக்கடையிலும் இவருக்குக் கணக்கு உண்டு. பொட்டலத்தில் சோதனைத் தேதி போட்டிருக்கும். அதிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் விற்கலாம். கெடு தாண்டிய பொட்டலம் இருக்கிறதா என்று விசாரிப்பார். கடைக்காரர் முறைத்தால், "வெங்காயம் வேண்டாங்க, அது வருசம் திரும்பறதுக்குள்ள செத்துப்போகும். தக்காளி, சொரை இருந்தாக் குடுங்க" என்பார். வந்ததை ஈரத்துணியில் பத்துப் பத்தாகச் சுற்றிவைப்பார். ஏழு முளைத்தால் போதும்; வெண்டைக்கு அரசாங்கச் சான்று கொடுக்கவே நூற்றுக்கு 65 முளைத்தால் போதுமே என்பார். இந்த விவரமெல்லாம் அவர் சொன்னால் தப்பாது. கஞ்சத்தனம் ஒரு மனிதனை இவ்வளவு படிக்கவைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நெல் திருவிழாவுக்கு ஒருமுறை போய்வந்தார். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நடத்திய அந்தத் திருவிழாவில், பாரம்பரிய நெல் இரண்டு கிலோ வாங்குகிற விவசாயி அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் வயலுக்குத் திரும்பின. நம் ஆளுக்கு அந்தத் திட்டத்தில் முதல் பாதி மிகவும் பிடித்துப்போயிற்று.

திருப்பிக் கொடுப்பதில்லையே தவிர, கொடுக்காதவர் என்று சொல்ல முடியாது. கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன், பல் டாக்டர் யாரும் தப்பியதில்லை. வாங்கியவரின் பாடு அதற்கப்புறம்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா சம்பந்தி வீட்டுக்கு வருவது போல, முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்பார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க" என்று சொல்லிக்கொண்டே பார்வை பின்பக்கம் போகும். இலையைத் திருப்பிப் பார்ப்பார், மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார், "தண்ணி பத்தலையாட்ட இருக்குதே" என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். பல் டாக்டர் இப்போதெல்லாம் அவர் பல் காட்ட வருகிற நாளன்று தொட்டியைத் துடைத்து வைக்கிறார்.

"இத்தனை பை இருக்குதே, காய் வாங்கவே வேண்டாமாட்ட இருக்குது" என்று விருந்தாளிகள் சொன்னால் வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்புவார். திடமான முதல் காய்களை விதைக்கு விட வேண்டும் என்பது பழைய பாடம். இவர் முதல் காயை விடுவார். அடுத்தது அதைவிட நீளமாக வந்தால் அதையும் விடுவார். மூன்றாவது வளையாமல் வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் காம்பில் சிவப்பு நூல். காய் முற்ற முற்ற வெண்டைச் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், நூல் கட்டாத காய் என்று ஒன்று வருவதே இல்லை.

பொங்கலுக்கு வந்த மகள் விவரம் தெரியாமல் நான்கைந்தைப் பறித்துப் பொரியல் செய்துவிட்டாள். கத்தி இறங்கவில்லை, அரிவாள்மனையில் அரிந்திருக்கிறாள். அப்பா வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார்.

"நாரா இருக்குதுங்களாப்பா?"

"வெதை நல்லாத் தெரண்டிருக்குது அம்மிணி. இன்னும் பத்து நாள் உட்டிருந்தீன்னா..." என்றவர், இலையோரம் ஒதுக்கியிருந்த விதைகளைப் பத்துப் பத்தாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"வெந்தது மொளைக்காதுங்க, சாப்பிடுங்க" என்றார் அம்மா.