கிடங்கு திறந்த கதை

பல பிரிவுகளின் தரவை ஒரே இடத்தில் சேர்ப்பது தரவுக் கிடங்கு. அதைக் கட்டுவதற்கென்று 1992-இல் பில் இன்மன் ஒரு புத்தகமே எழுதினார். 1996-இல் ரால்ஃப் கிம்பல் வேறு வழி சொன்னார். எங்கள் கிடங்குக்கு எந்த வழி என்று அலுவலகத்தில் ஆறு மாதம் சண்டை. அதன் பிறகுதான், 'வாடிக்கையாளர்' என்றால் யார் என்ற கேள்வியே வந்தது. விற்பனைப் பிரிவுக்கு விலை கேட்டவரெல்லாம் வாடிக்கையாளர். கணக்குப் பிரிவுக்குக் காசு கட்டியவர் மட்டும். எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் சுப்பையா மூவரும் ஒரே ஆள். பாதிப் பேர் பிறந்தது 1900 ஜனவரி 1-ஆம் தேதி! கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் பார்க்கும் பிரசவம் அது.

ஒருவழியாகக் கிடங்கு திறந்தது. முதலாளி திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எல்லாம் சரி தம்பி, இதை எக்செல்ல போட்டு அனுப்பிடு."

அனுப்பிவிட்டேன்.