நாயகியின் நாதோபாசனை

வெள்ளித்திரையிலே கீர்த்தி பெற்ற ஒருவருக்கு, அந்தக் கீர்த்தி சற்றே ஜீரணமாகத் தொடங்கிய மாத்திரத்தில், தமது தொண்டைக்குள் சரஸ்வதி தேவி நெடுநாளாக ஒற்றைக்காலில் நின்று தவம் செய்துகொண்டிருப்பதாக ஒரு பிரமை உண்டாகிவிடுவது கலையுலகில் புதிய விஷயம் அன்று. அமெரிக்க நடிகை ஸ்கார்லெட் ஜொஹான்சன் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. ஆனாலும் அம்மையாரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். சரளைக் கல்லை மென்றுகொண்டே பாடுவது போன்ற சாரீரத்தால் பிரசித்தி பெற்ற டாம் வெயிட்ஸின் பாட்டுக்களையல்லவா அவர் எடுத்துக்கொண்டார்! 11 உருப்படிகளில் 10 அந்த மகானுபாவருடையவை.

தயாரிப்பாளர் டேவ் சிடெக், அந்தச் சுக்குக் கஷாயத்தையெல்லாம் பன்னீரிலே கரைத்து, எதிரொலியும் மணியோசையுமாகத் தூபம் போட்டு, நாயகியின் குரலை அந்தப் புகைக்குள்ளே எங்கேயோ உட்கார்த்தி வைத்துவிட்டபடியால், அவர் பாடுகிறாரா, பக்கத்து அறையில் கனவு காண்கிறாரா என்று நிச்சயிப்பது சிரமமாக இருக்கிறது. இரண்டு பாட்டுக்களில் டேவிட் போவி துணைக்குரல் கொடுக்கிறார். அவரையும் விளக்கு வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். இரவில் கேட்டால் சுகமான நித்திரை வருகிறது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன். (சபாக் கச்சேரிகளில் இதே அனுக்கிரகத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது.)

முதல் உருப்படியைப் பற்றி மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வாத்திய இசை. அதிலே அம்மையார் பாடவில்லை.